சுத்தப் பக்கம்

நாத்தனார் துணி தேய்க்கிற ரோலர் மெஷின் முன்னால் சுருண்டு விழுந்தபோது நான் முதலில் பார்த்தது பெட்ஷீட்டைத்தான். பாதி உள்ளே போய்விட்டது, பாதி வெளியே தொங்குகிறது, அப்படியே விட்டால் கருகிவிடும். ஓடிப்போய் மெஷினை நிறுத்தினேன். ஷீட்டை இழுத்துப் பார்த்தேன். கருகவில்லை. அதற்கப்புறம்தான் குனிந்து அவளைப் பார்த்தேன். மற்றவர்கள் இதைக் கவனித்தார்களா என்று தெரியாது. நான் கவனித்தேன்.

இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு, முழங்காலை நெஞ்சுவரை மடக்கி, தரையில் இப்படியும் அப்படியுமாகப் புரண்டாள். தொட்டால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது.

"என்னடி, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல மேடம். கொஞ்ச நேரம் விட்டா சரியாயிடும்."

மேடமாம். வீட்டில் அண்ணி, வேலையில் மேடம். அது நான் போட்ட சட்டம். வலியில் பல் கிட்டிக்கொண்டிருக்கும்போதும் அவள் அதை மறக்கவில்லை.

இந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். முதுகுக்குப் பின்னால் எனக்குப் பெயர் பினாயில். நான் வருவதற்கு முன்னாலேயே நெடி வந்துவிடுமாம். பெயர் வைத்தவள் மடிப்பு மேஜையில் நிற்கிற ரேடியோ. அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவள் நான், வாயை மூடவே தெரியாது என்பதால். ஆக, கணக்கு நேர்.

சலவை என்றதும் வீட்டுத் துணி துவைப்பதை நினைத்துவிட வேண்டாம். எங்கள் இடத்தில் நடுவே ஒரு சுவர். துவைக்கிற மெஷின்கள் அந்தச் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. அழுக்குப் பக்கத்துக் கதவு வழியாக ரத்தம், சீழ், வாந்தி எல்லாம் உள்ளே போகும். சுத்தப் பக்கத்துக் கதவு வழியாகத் துவைத்த துணி வெளியே வரும். சுத்தப் பக்கத்துப் பெண்கள் அதை ரோலரில் விட்டுத் தேய்த்து, மடித்து, ஆபரேஷன் அறைக்குப் பொட்டலம் கட்டுவார்கள். அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வரக்கூடாது. வந்தால் கோட்டு, தொப்பி, செருப்பு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, புதுக் கோட்டு மாட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

இதில் ஒரே ஒரு வில்லங்கம். கழிப்பறையும் குடிதண்ணீர்க் குழாயும் அழுக்குப் பக்கத்தில் இருந்தன. கட்டிடம் கட்டின மகராசன் ஒரு நாளாவது இங்கே நின்று வேலை பார்த்திருந்தால் அப்படிக் கட்டியிருக்க மாட்டான். ஒருத்தி வெளியே போய் வருவதற்குள் ரோலர் முன்னால் துணி மலையாகக் குவிந்துவிடும். அதனால் வெளியே போவது மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் என்று வைத்தேன். தண்ணீர் பாட்டில் உள்ளே வரக்கூடாது என்பதையும் நான்தான் சேர்த்தேன். யாரோ ஒருத்தியின் பாட்டில் கவிழ்ந்து, கட்டி வைத்த பொட்டலங்கள் அத்தனையும் ஈரமாகி, ஓர் ஆபரேஷனே தள்ளிப்போய், நிர்வாக அதிகாரி எல்லார் முன்னாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த எரிச்சலில் அன்றைக்கே என் கையால் எழுதிக் கதவில் ஒட்டினேன்: உள்ளே தண்ணீர் கூடாது.

உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். ரோலரின் ஆவி, உலர்த்துகிற மெஷினின் வெக்கை. கோட்டைக் கழற்றினால் பிழியலாம். என் அறை மட்டும் ஓரத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். மேஜைமேல் மூடி போட்ட தண்ணீர் ஜாடி. பின்கதவைத் திறந்தால் அலுவலகத்துக் கழிப்பறை.

என் நாத்தனார், கட்டிக்கொண்டவன் சரியில்லை என்று அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். வீட்டில் அவளைக் குட்டி என்போம், வேலையிடத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது. வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். அவள் சேர்ந்த அன்றைக்கே ரேடியோ முணுமுணுத்தாள்: "பாருங்களேன், சொந்தக்காரிக்கு உட்கார்ந்து பொட்டலம் கட்டற வேலைதான் கிடைக்கும்." சுருக்கென்று இருந்தது. யாரும் என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது எனக்கு. குட்டியைக் கொண்டுபோய் ரோலரில் நிறுத்தினேன். அங்கேதான் சூடு அதிகம். மற்றவர்களை மாற்றி மாற்றி விடுவேன், அவளை மட்டும் மாற்றவில்லை.

சில மாதமாகவே இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "ரோலர்ல நின்னா எல்லாருக்கும்தான் வலிக்கும், நீ என்ன புதுசா?" என்றேன். ஒரு நாள் மத்தியானம் முகமெல்லாம் வேர்த்து, கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள்.

"அண்ணி, ஒரு தடவை வெளிய போயிட்டு வந்துடறேனே. தாங்கல."

எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் வெளியே வந்து, அவர்களுக்கும் கேட்கட்டும் என்று சொன்னேன்: "இங்க அண்ணியும் கிடையாது, புண்ணாக்கும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே சட்டம். போய் வேலையைப் பாரு."

போனாள். அவள் விழுந்தது அதற்கு அடுத்த வாரம்.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். சிறுநீரகத்திலிருந்து இறங்குகிற குழாயில் கல் அடைத்திருந்தது. பின்னால் தேங்கி, சிறுநீரகம் வீங்கி, சீழ் பிடித்திருந்தது. முதுகில் துளை போட்டு ஒரு டியூப் வைத்து வடியவிட்டார்கள். ஆபரேஷன் டாக்டர் அதிகம் பேசாதவர். "இன்னும் கொஞ்சம் முன்னாலயே வந்திருக்கணும்" என்றார். "இந்தக் கிட்னி பிழைக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. காய்ச்சல் இறங்கட்டும், சில வாரம் வடியட்டும், அப்புறம் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்."

என் வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாகத் தங்கையைத்தான் பிடித்துக்கொண்டார். "தண்ணி குடி, தண்ணி குடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? கேட்டியா? உன் உடம்புமேல உனக்கே அக்கறை இல்லன்னா யார் என்ன பண்ணுவா?"

"சரிண்ணா. தப்புதான். கத்தாதீங்க, பக்கத்துக் கட்டில்காரங்க பார்க்கறாங்க."

நான் கால்மாட்டில் நின்று போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அவர் டீ வாங்கப் போனதும் குட்டி படுக்கை விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "அண்ணி, இது நம்ம ரோலர்ல போனது. நான் விட்டதாகூட இருக்கும். ஒரு சுருக்கம் இருக்கா பாருங்க" என்று சிரித்தாள். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

மறுநாள் கல்லு டாக்டர் வந்தாள். வார்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அறுக்கிற டாக்டர் வேறு, இவள் எண்ணுகிற டாக்டர். கல்லோடு இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற பெரியவர்கள் ஒருவரையும் விடாமல் கட்டிலுக்குக் கட்டில் போய் உட்கார்ந்து கேள்வி கேட்பாள். சின்னப் பெண். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாதவள்போலப் பேசினாள்.

"கல்லை அவர் எடுப்பாரு. அது ஏன் இவங்களுக்கு வந்துது, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஏன் வரலன்னு பார்க்கறது என் வேலை. நிறைய டிரைவர் வர்றாங்க, அடுப்பு முன்னால நிக்கறவங்க வர்றாங்க. நீங்க என்ன வேலைம்மா?"

"இங்கதான் டாக்டர், சலவைப் பிரிவு."

வயது, வீட்டில் வேறு யாருக்காவது கல் உண்டா, முன்னால் வந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்றாள்.

நான் போர்வையின் ஓரத்தை மறுபடி இழுத்துவிட்டேன்.

"எனக்குச் சின்ன வயசுல இருந்தே தண்ணி குடிக்கற பழக்கம் இல்ல டாக்டர்" என்றாள் குட்டி. "தாகமே எடுக்காது."

"வேலை செய்யற இடத்துல தண்ணி இருக்கா?"

"ஓ, குழாய் இருக்கே."

"நடுவுல எழுந்து பாத்ரூம் போகலாமா? விடுவாங்களா?"

"தாராளமா. எனக்குத்தான் போகணும்னு தோணாது."

"பார்த்தீங்களா டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கிடைத்த இடத்தில் புகுந்தார். "நான் சொன்னா கேட்க மாட்டா. நீங்களாவது சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க?"

"இவங்க எங்க அண்ணி" என்றாள் குட்டி. "தங்கமானவங்க. இவங்க இல்லன்னா நான் எங்க போயிருப்பேனோ."

"பழக்கம்னா மாத்திக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனாள். நான் அப்போது சொல்லியிருக்கலாம். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்த தூரம் நாலு எட்டுகூட இருக்காது. டாக்டர், ஒரு நிமிஷம் என்று கூப்பிட்டால் போதும். நான் கூப்பிடவில்லை. அப்பாடா என்றுகூட இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். "ஏன்டி அப்படிச் சொன்ன?"

"எப்படிச் சொன்னேன்?"

"தாகமே எடுக்காதுன்னு."

"விடுங்க அண்ணி" என்று அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். திரும்பும்போது டியூப் இழுத்து, ஸ்ஸ் என்றாள். நான் பிடித்துச் சரியாக வைத்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் கல்லு டாக்டர் என்னை வழியில் பிடித்தாள். என் சட்டையில் குத்தியிருந்த அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "நீங்களும் சலவைப் பிரிவா? நல்லதாப் போச்சு" என்றாள். "ஒண்ணு கேட்கணும். நேத்து வெளிநோயாளிப் பிரிவுல உங்க இடத்துல இருந்து, மடிப்பு மேஜையில நிக்கற இன்னொரு அம்மா வந்தாங்க. அவங்களுக்கும் கல். போன வருஷத்துக் கேஸ்ல தேடினா, அங்க பொட்டலம் கட்டற அம்மா ஒருத்தர். அவங்களை ஃபோன்ல பிடிச்சுக் கேட்டேன். மூணு பேரும் ஒரே வார்த்தை சொல்றாங்க. தண்ணி குடிக்கற பழக்கமில்லையாம், தாகமே எடுக்காதாம்."

"அப்படியா" என்றேன்.

"ஒருத்தருக்கு வந்தா அது அவங்க உடம்புன்னு விட்டுடலாம். ஒரே ரூம்ல இத்தனை பேருக்கு வந்தா, நான் அந்த ரூமைத்தானே பார்க்கணும்? உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

"அங்க சூடு ஜாஸ்தி டாக்டர்" என்றேன். பொய் இல்லை. ஆனால் பொய்யைவிட மோசம்.

நேரே சலவைப் பிரிவுக்குப் போனேன். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. எப்போதும் நிற்கும். இத்தனை நாள் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். ரேடியோவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"உனக்குக் கல்லாமே? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நடிக்கறேன்னு சொல்வீங்க மேடம்." வாயாடிக்குக் குரலே எழும்பவில்லை. கோட்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்ன? உனக்கா தாகம் எடுக்காது? மத்தியானம் குழாயிலயே வாயை வெச்சுக் குடிக்கறவ நீ."

"குட்டிதான் ஃபோன் பண்ணிச்சு மேடம். எங்க எல்லார்கிட்டயும் பேசிச்சு. கல்லு டாக்டர் கேட்டா பழக்கமில்லன்னே சொல்லுங்க, எங்க அண்ணி வேலைக்கு வேட்டு வெச்சுடாதீங்கன்னு. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு அது கேட்கும்போது நாங்க என்ன சொல்ல முடியும்?"

என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கை தானாக ஜாடியைத் திறந்து தம்ளரில் ஊற்றியது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எல்லாரும் தெரிந்தார்கள். அவர்களுக்கும் நான் தெரிவேன், தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தெரிந்திருப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவர்கள் பார்க்க நான் குடித்திருக்கிறேன்! ஊற்றின தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

கல்லு டாக்டரின் அறை ஒரு பழைய பொருள் கிடங்கு. உடைந்த கட்டில்களுக்கு நடுவே அவளுக்கு ஒரு மேஜை. நான் உட்காரவில்லை.

"அது பழக்கமில்ல டாக்டர். நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், கோட்டு, சாப்பாட்டு வேளை, கதவில் ஒட்டினது எல்லாம். அண்ணியும் கிடையாது புண்ணாக்கும் கிடையாது என்று சொன்னதையும் சொன்னேன். அது அவள் கேட்ட கேள்வியே இல்லை.

"தண்ணி கூடாதுங்கறது ஆஸ்பத்திரி விதியா?"

"சாப்பாடு கூடாதுன்னுதான் விதி. தண்ணியை நான் சேர்த்தேன்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திருப்பிக் கத்தவாவது எனக்குத் தெரியும். அவள் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "அழுக்குப் பக்கத்துல வேலை பார்க்கறவங்களுக்குக் கல் இருக்கா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். குழாய்க்குப் பக்கத்திலேயே நிற்கிறவர்கள் அவர்கள், நினைத்தபோது குடிப்பார்கள். எனக்குத் தெரிந்து ஒருத்திக்கும் இல்லை. "இருக்காதுன்னுதான் நானும் நினைச்சேன்" என்றாள். "ரெண்டு பக்கத்து ஆளுங்களையும் ஸ்கேன் பண்ணிப் பார்க்கணும். ஏற்பாடு பண்ணித் தருவீங்களா?"

நிர்வாக அதிகாரியிடமும் நானே போய்ச் சொன்னேன். அவர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. "இனிமே பார்த்துக்கோங்கம்மா" என்றார், ஏதோ பல்பு மாற்றச் சொல்வதுபோல.

கதவில் ஒட்டியிருந்ததைக் கிழித்தேன். உடை மாற்றுகிற இடத்தில் ஒரு பெரிய தண்ணீர் கேன் வைத்தேன். கூடுதலாகக் கோட்டுகள் அடுக்கி வைத்தேன், யாருக்கு எப்போது வேண்டுமோ போய் வரலாம். ரோலரில் ஆளை மணிக்கு மணி மாற்றினேன். வேலை நின்றுவிடும் என்று இத்தனை காலம் பயந்தேனே, ஒன்றும் நிற்கவில்லை. வழக்கமான நேரத்துக்கே எல்லாப் பொட்டலமும் ஆபரேஷன் அறைக்குப் போயின. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவுதானா? ஒரு கேனும் நாலு கோட்டும்தானா?

குட்டியின் டெஸ்ட் முடிவு வந்தது. இடது சிறுநீரகம் பேருக்குத்தான் இருக்கிறது, வேலை செய்யவில்லை, உள்ளே விட்டால் மறுபடி சீழ் பிடிக்கும், எடுத்துவிட வேண்டும் என்றார் ஆபரேஷன் டாக்டர். என் வீட்டுக்காரர் அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டார். அப்புறம் பழைய பாட்டை ஆரம்பித்தார். "தண்ணி குடின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கழுதை கேட்டாளா…"

"அவளைத் திட்டாதீங்க" என்றேன். "குடிக்க விடாதது நான்."

மாடிப்படியில் நின்றுகொண்டே சொன்னேன். அவர் கடைசிவரை குறுக்கே பேசவில்லை.

"அவ உன்கிட்ட வாயைத் திறந்து கேட்டாளா?"

"கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

சொன்னேன். அதே வார்த்தைகள். அவர் இறங்கிப் போனார். கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் ஸ்டாண்டு போட்ட வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "வீட்டுல எத்தனை தடவை அவளைத் திட்டியிருக்கேன், நீயும் பக்கத்துலதானே இருந்த?" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேச்சுவார்த்தை இல்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் குட்டிக்குத் தலை வாரிப் பின்னிவிட்டேன். பின்னிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபம் என்று, "என்னை மன்னிச்சுடுடி" என்றேன்.

"ஐயோ அண்ணி, ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு. கடவுள் ஸ்டெப்னியோடதானே அனுப்பியிருக்கார்."

"விளையாடாதே. எல்லார்கிட்டயும் நான் சொல்லிட்டேன். டாக்டர்கிட்ட, உங்க அண்ணன்கிட்ட. நீ இனிமே எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்."

பின்னல் முடிந்துவிட்டது. அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

"வெளிய விடாததுகூட எனக்குப் பெருசில்ல அண்ணி" என்றாள். "எல்லாரையும்தான் விடல. அண்ணியும் கிடையாதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான். அந்த வீட்டை விட்டு வந்தப்போ எங்க அண்ணன்கூட யோசிச்சாரு. நீங்கதான் உள்ள வாடின்னு கையைப் பிடிச்சு இழுத்தீங்க. அன்னிக்கு மெஷின்கிட்ட போய் நின்னு அழுதேன். வேர்வைன்னு நினைச்சிருப்பாங்க."

அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

சிறுநீரகத்தை எடுத்தார்கள். அவள் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஸ்கேன் நாள் வைத்தார்கள். அடிவயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும், அப்போதுதான் தெளிவாகத் தெரியுமாம். இரண்டு பக்கத்துப் பெண்களும் பெஞ்சில் வரிசையாக, காலைப் பின்னிக்கொண்டு நெளிந்தார்கள். நானும் வரிசையில் உட்கார்ந்தேன்.

"கஷ்டமா இருந்தா சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றாள் ரேடியோ. "அடக்கறதுல எங்களுக்கு நல்ல டிரெயினிங்."

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் நான் இருப்பது ஞாபகம் வந்து, ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். "சிரிங்கடி" என்றேன். "அவ சொன்னதுல என்ன தப்பு?" சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ரேடியோ எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அழுக்குப் பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போய் ஒன்றுமில்லை என்று வந்தார்கள். சுத்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் கல். சிலருக்குப் பொடி, சிலருக்குப் பட்டாணி அளவு. ஒருத்திக்கு இரண்டு பக்கமும் இருந்தது. பெயர் கூப்பிடக் கூப்பிட நான் ஒரே வேண்டுதலில் இருந்தேன். எனக்கும் ஒன்று இருக்கட்டும். பெரிதாக வேண்டாம் என்றுகூட வேண்டவில்லை, எவ்வளவு பெரிதானாலும் சரி. வலித்தாலும் சரி, அறுத்தாலும் சரி. இவர்களோடு ஒருத்தியாக நானும் அந்தக் கட்டிலில் படுக்கிற மாதிரி ஒரே ஒரு கல்.

என் முறை வந்தது. சில்லென்ற பசையைத் தடவி, கருவியை வைத்து, கல்லு டாக்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாப் பாருங்க டாக்டர்" என்றேன்.

"பார்த்துட்டேன். சுத்தமா இருக்கு, ஒரு பொடிகூட இல்ல." வயிற்றைத் துடைக்க ஒரு துண்டைக் கொடுத்தாள். எங்கள் ரோலரில் போன துண்டு. "நல்லாத் தண்ணி குடிக்கறீங்க போல. இப்படியே இருங்க."

வீட்டுக்கு வந்தபோது குட்டி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

"அண்ணி, உங்களுக்கு என்ன சொன்னாங்க?"

குனிந்து செருப்பைக் கழற்றினேன். அவர் திரும்பாமலே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"சொல்லுங்க அண்ணி, பயமா இருக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்லையாம்" என்றேன்.

குட்டி கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சில் கை வைத்தாள். "அப்பாடா. காலையில இருந்து எனக்கு இதே கவலை. நல்ல வேளை, அந்த வலி உங்களுக்கு வேண்டவே வேண்டாம் அண்ணி." அப்புறம் தையல் இழுக்காமல் மெதுவாகச் சாய்ந்து, தலைமாட்டில் இருந்த ஜாடியிலிருந்து ஒரு தம்ளர் ஊற்றி என் பக்கம் நீட்டினாள். "வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல தண்ணி குடிங்க."

வாங்கிக் குடித்தேன்.